போர்க்கால ஹாலிவுட் படங்களை நம் கடற்கரையில் திரையிட ஒரு வழிகாட்டி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரையில் உள்ள எந்த ஊரிலும், ஐம்பது பேர் உட்கார இடமும் ஒரு ப்ரொஜெக்டரும் கிடைத்துவிட்டால், பழைய ஹாலிவுட் படங்களைத் திரையிடத் தொடங்கிவிடலாம். 1939 செப்டம்பரில் ஐரோப்பாவில் போர் மூண்டதிலிருந்து 1942 இறுதி வரை, அமெரிக்காவின் பெரிய ஸ்டூடியோக்களிலும் அவற்றை ஒட்டியும் உருவான படங்களை மட்டும் இந்த வழிகாட்டி எடுத்துக்கொள்கிறது. இவற்றை 'பொற்காலக் கிளாசிக்' என்று பொதுவாகப் புகழ்ந்து போட்டுவிட்டால், பார்க்க வந்தவர்களுக்கு அழகான முகங்களும் புகைமூட்டமும் மட்டுமே நினைவில் தங்கும். அவற்றுக்குள் ஓடும் பயமும் தயக்கமும் துணிச்சலும் பிடிபட வேண்டுமானால் தேதியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஆகவே முதல் வேலையாக, நீங்கள் காட்ட நினைக்கும் ஒவ்வொரு படத்தின் பெயருக்கு எதிரிலும் அது எப்போது படமாக்கப்பட்டது, எப்போது வெளியானது என்று எழுதிக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கும்வரை அமெரிக்கா போரில் இறங்கவில்லை. அந்தத் தேதிக்கு முன் எடுத்த படம் ஒரு விதமாகப் பேசும். பின் எடுத்த படம் வேறு விதமாகப் பேசும். முன்பு ஸ்டூடியோக்களுக்குத் தடைகள் பல இருந்தன. ஐரோப்பியச் சந்தையின் வருமானத்தை இழக்க அவை விரும்பவில்லை. 1934 முதல் ஜோசஃப் பிரீன் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்திய தணிக்கை விதித் தொகுப்பு, பிற நாடுகளையும் அவற்றின் மக்களையும் நியாயமாகக் காட்ட வேண்டும் என்றது. 1941 செப்டம்பரில் அமெரிக்கச் செனட்டின் துணைக்குழு ஒன்று, ஹாலிவுட் நாட்டைப் போருக்குள் இழுக்கப் பிரசாரம் செய்கிறதா என்று விசாரணையே நடத்தியது. மூன்று மாதத்துக்குள் எல்லாம் தலைகீழானது. 1942 ஜூனில் அமைக்கப்பட்ட போர்த் தகவல் அலுவலகம், போரில் வெல்ல இந்தப் படம் உதவுமா என்ற கேள்வியை ஸ்டூடியோக்களிடம் கேட்கத் தொடங்கிவிட்டது.

இரண்டாவது வேலை, அதே தாளில் இன்னொரு பத்திக்குக் கோடு போட்டு, நம் கடற்கரையின் நாட்காட்டியை எழுதுவது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது; இந்தியர்கள் லட்சக்கணக்கில் கால்நடையாக பர்மாவை விட்டு வெளியேறினார்கள். ஏப்ரல் 5 அன்று கொழும்பின் மீதும், 9 அன்று திருகோணமலையின் மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய அந்தக் காலத்தில் அவை நமக்கு அயலூர்கள் போலத்தான். ஆகஸ்ட் 8 அன்று பம்பாயில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. அதே மாதம் திருவாடானையில் மக்கள் சிறையை உடைத்து விடுதலைப் போராட்ட வீரர் சின்ன அண்ணாமலையை வெளியே கொண்டுவந்தார்கள். இந்த இரண்டு பத்திகளையும் பெரிய எழுத்தில் எழுதி நுழைவாயிலில் மாட்டுங்கள். படம் தொடங்குமுன் ஜனங்கள் அதைப் படித்துக்கொண்டு நிற்பார்கள். அரை மணி நேர முன்னுரை செய்யக்கூடிய வேலையை அந்தத் தாள் செய்துவிடும்.

அடுத்தது படங்களின் வரிசை. ஐந்து படங்கள் போதும் என்பது என் கணிப்பு. 'சிட்டிசன் கேன்' (1941) மேதைமை மிக்க படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் முதல் மாலையிலேயே அதைப் போடாதீர்கள். காலம் முன்னும் பின்னுமாகத் தாவும் கதை அது; சப்டைட்டில் படித்துப் பழகாதவர்கள் நடுவிலேயே எழுந்து போய்விடுவார்கள். 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' (1940) படத்தையும் தள்ளி வையுங்கள். அதில் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேச்சு ஏறி ஓடுவதுதான் அழகு. சப்டைட்டிலில் அந்த அழகு முழுவதும் போய்விடும்.

முதலில் 'தி கிரேட் டிக்டேட்டர்' போடுங்கள். சாப்ளினை அறிமுகப்படுத்த வேண்டிய தேவை எந்த ஊரிலும் இல்லை. போர் மூண்ட அதே 1939 செப்டம்பரில் படப்பிடிப்பைத் தொடங்கி, 1940 அக்டோபர் 15 அன்று நியூயார்க்கில் வெளியிட்டார். சொந்தப் பணம், சொந்த ஸ்டூடியோ. அதனால்தான் பெரிய ஸ்டூடியோக்கள் தயங்கிய காலத்தில் அவரால் ஹிட்லரை நேரடியாகக் கேலி செய்ய முடிந்தது. இதற்கு எதிர்க்கோடியில் எம்ஜிஎம் நிறுவனத்தின் 'தி மார்ட்டல் ஸ்டார்ம்' இருக்கிறது. அதே 1940இல் வந்த அந்தப் படம் நாஜிகளின் கொடுமையைக் காட்டத் துணிந்தது. ஆனால் 'யூதர்' என்ற சொல்லைக் கடைசிவரை உச்சரிக்கவில்லை. அப்படியிருந்தும் ஜெர்மனி எம்ஜிஎம் படங்களுக்குத் தடை விதித்தது. முழுப் படத்தையும் காட்ட நேரமில்லாவிட்டால் இந்தச் செய்தியையாவது சொல்லிவிடுங்கள். ஒரே ஆண்டில் ஒருவர் சொல்ல முடிந்ததும் மற்றவர் விழுங்கியதும் தெரியும்.

இரண்டாவதாக வார்னர் பிரதர்ஸின் 'தி சீ ஹாக்' (1940). இங்கிலாந்து, ஸ்பெயின், பாய்மரக் கப்பல்கள், வாள்சண்டை என்று குழந்தைகள் உட்பட எல்லாரும் ரசிக்கும் படம். முழு அளவில் இரண்டு கப்பல்களைக் கட்டி, பிரம்மாண்டமான தளத்துக்குள் தண்ணீர் தேக்கி எடுத்தார்கள். கடலை நன்கு அறிந்த நம் ஊர்க்காரர்கள் அந்தத் தண்ணீர் உண்மைக் கடல் இல்லை என்பதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அதைச் சொல்லவிடுங்கள், நல்ல பேச்சு கிளம்பும். தொடக்கக் காட்சியில் ஸ்பெயின் மன்னர் ஒரு மாபெரும் உலக வரைபடத்தின் முன் நிற்க, அவருடைய நிழல் நாடுகளின் மேல் விழுகிறது. முந்தின வாரம் பூமி உருண்டையைப் பலூனாகத் தூக்கிப்போட்டு ஆடிய சாப்ளினைப் பார்த்தவர்களுக்கு, அந்த நிழல் யாருடையது என்று விளக்க வேண்டியதில்லை. கடைசியில் எலிசபெத் அரசி ஆற்றும் உரை 1585ஆம் ஆண்டின் கதைக்குள் வந்தாலும், அது 1940இன் இங்கிலாந்தைப் பார்த்துப் பேசுகிறது. நடுநிலை நாட்டின் ஸ்டூடியோ வரலாற்றுக் கதையை முகமூடியாக அணிந்து பேசிய பேச்சு அது.

மூன்றாவது படமாக ஜான் ஃபோர்டின் 'தி லாங் வாயேஜ் ஹோம்' (1940) போடுங்கள். யூஜின் ஓநீலின் நான்கு ஓரங்க நாடகங்களை ஒன்றாக்கி, போர்க்காலத்தில் வெடிமருந்து ஏற்றிச் செல்லும் சரக்குக் கப்பலில் நடக்கும் கதையாக மாற்றியிருக்கிறார்கள். 'சிட்டிசன் கேன்' படத்தின் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டே இதற்கும் ஒளிப்பதிவு. ஒரு மாலுமியை உளவாளி என்று சந்தேகித்து, மற்றவர்கள் அவனைக் கட்டிப்போட்டுப் பெட்டியை உடைத்து, உள்ளேயிருந்த கடிதங்களை உரக்கப் படிக்கும் காட்சி வரும்போது பார்வையாளர்களைக் கவனியுங்கள். கடிதங்கள் மனைவி எழுதியவை என்று தெரிந்ததும் படிப்பவனின் குரல் தாழ்ந்துபோகிறது. யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. ஒரே படகில் பல நாள் தங்கு தொழில் செய்தவர்களுக்கு அந்த வெட்கம் நன்றாகவே புரியும். மெதுவான படம்தான், ஆனாலும் கடலோர ஊரில் இதை விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

நான்காவது 'மிசஸ் மினிவர்' (1942), வில்லியம் வைலர் இயக்கத்தில் எம்ஜிஎம் தயாரித்தது. 1940 மே 26 முதல் ஜூன் 4 வரை டன்கிர்க் கடற்கரையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் மீட்கப்பட்டபோது, சிறு படகுக்காரர்களும் போனார்கள். அந்த இரவில் தேம்ஸ் நதியில் படகுகள் ஒவ்வொன்றாகச் சேர்வதையும், இருட்டில் ஒலிபெருக்கிக் குரல் அவர்களுக்குப் போகுமிடத்தைச் சொல்வதையும் படம் காட்டுகிறது. அதன்பின் டன்கிர்க்கைக் காட்டவேயில்லை. படகோடு போன கணவன் திரும்பும்வரை கேமரா மனைவி மிசஸ் மினிவரோடு வீட்டிலேயே இருந்துவிடுகிறது. எங்கள் திரையிடல் ஒன்றில் ஓர் அம்மா, "போன ஆளு பின்னாடி போகாம வீட்லயே நிக்கிறாம் பாருங்க, அதான் நெசம்" என்றார். விமரிசகர் யாரும் இதைவிடச் சரியாகச் சொல்லிவிட முடியாது.

இந்தப் படத்தில் தேதியின் வேலையை மிக நெருக்கமாகக் காட்டலாம். காயம்பட்ட ஜெர்மன் விமானி ஒருவன் அவள் சமையலறைக்குள் துப்பாக்கியோடு நுழையும் காட்சி இருக்கிறது. படப்பிடிப்பு தொடங்கியபோது அமெரிக்கா நடுநிலை. முடியுமுன் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டுவிட்டது. அந்த விமானியின் காட்சி அதன் பின்னர் இன்னும் கடுமையாக மீண்டும் எடுக்கப்பட்டது. காட்சி முடிந்ததும் ஒரு நிமிடம் படத்தை நிறுத்தி இதைச் சொல்வது தவறில்லை. வேறெங்கும் நிறுத்தாதீர்கள்.

ஐந்தாவது 'காசாபிளாங்கா'. வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பு, இயக்கம் மைக்கேல் கர்ட்டிஸ். 1942 மே 25 முதல் ஆகஸ்ட் 3 வரை படமாக்கி, நவம்பர் 26 அன்று நியூயார்க்கில் திரையிட்டு, 1943 ஜனவரியில் நாடெங்கும் வெளியிட்டார்கள். கதாநாயகன் ரிக்கின் முகம் தெரிவதற்கு முன் ஒரு கை மட்டும் ரசீதில் கையெழுத்திடுகிறது. அந்த ரசீதில் இருக்கும் தேதி 1941 டிசம்பர் 2. இன்னும் ஐந்து நாளில் பேர்ல் துறைமுகம். யாருக்காகவும் நான் தலையைக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருக்கும் ரிக், அந்த ஐந்து நாளுக்கு முந்திய அமெரிக்காவேதான். நுழைவாயிலில் நீங்கள் மாட்டிய தாள் இங்கேதான் முழுப் பலன் தரும்.

ரிக் நடத்தும் கேளிக்கை விடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாட, மற்றவர்கள் பிரெஞ்சு தேசிய கீதத்தைப் பாடி அதை மூழ்கடிக்கும் காட்சிக்கு முன்பே ஒரு செய்தியைச் சொல்லிவையுங்கள். அழுதுகொண்டே பாடும் இளம்பெண் மடலேன் லபோ, 1940இல் ஜெர்மானியர் பிரான்சுக்குள் நுழைந்தபோது தப்பி ஓடிவந்தவர். ஜெர்மன் மேஜராக நடிக்கும் கான்ராட் வைட் நாஜிகளை எதிர்த்து ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். இசைக்குழு தயங்கி ரிக்கைப் பார்க்கிறது. அவர் லேசாகத் தலையசைக்கிறார். அவ்வளவுதான், கூடமே எழுந்து நிற்கிறது. இந்தப் படத்தின் திருப்புமுனை அந்தத் தலையசைப்பு என்றே நான் நினைக்கிறேன்.

படம் முடிந்தபின் ஒரு கேள்வியைத் தவிர்க்காமல் எழுப்புங்கள். கதை நடக்கும் மொராக்கோ அப்போது பிரான்சின் பிடியில் இருந்த நாடு. அதன் சொந்த மக்கள் இந்தப் படத்தில் கடைவீதிக் கூட்டமாக மட்டுமே வருகிறார்கள். படப்பிடிப்பு முடிந்த ஐந்தாம் நாள் பம்பாயில் நம் தலைவர்கள் விடுதலை கேட்டுத் தீர்மானம் போட்டார்கள். ஐரோப்பாவின் விடுதலைக்காக உருகும் படம், அதே விடுதலையை மற்றவர்களுக்கும் உரியதாக நினைத்துப் பார்த்ததா? படத்தை நேசிப்பதற்கும் இதைக் கேட்பதற்கும் முரண் எதுவும் இல்லை. மண்டபம் முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்கள் வந்திருந்தால், நாட்டைவிட்டு வெளியேற அனுமதிக் காகிதத்துக்காகக் காத்திருப்பது பற்றிய இந்தப் படம் அவர்களுக்கு மிக அருகில் வரும். ஆனால் அவர்களைப் பேசச் சொல்லி மைக்கை நீட்டாதீர்கள். தாமாக எழுந்தால் நேரம் கொடுங்கள்.

ஸ்டூடியோ முறையைத் தனிப் பாடமாக நடத்த வேண்டாம். நம் ஊர் வழியே சொன்னால் போதும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸிலும் சென்னை ஜெமினியிலும் நடிகர்களும் தொழிலாளர்களும் மாதச் சம்பளத்துக்கு இருந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். எம்ஜிஎம், பாரமவுண்ட், வார்னர், ஃபாக்ஸ், ஆர்கேஓ ஆகிய ஐந்தும் அதையே பன்மடங்கு பெரிதாகச் செய்ததோடு, சொந்தத் தியேட்டர்களையும் வைத்திருந்தன. போர் வந்ததும் அரங்குகளுக்குப் புதிய பொருள் வாங்க ஒரு படத்துக்கு 5,000 டாலருக்கு மேல் கூடாது என்று 1942இல் அமெரிக்க அரசு வரம்பு விதித்தது. அதன்பின் வந்த படங்களில் மூடுபனியும் நிழலும் கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். இங்கே இந்திய அரசும் ஃபிலிம் தட்டுப்பாட்டால் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக் கூடாது என்றது. அது ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மாடர்ன் தியேட்டர்ஸ் 1945இல் எடுத்த 'பர்மா ராணி' போர்ப் பிரசாரப் படம்தான் என்பதைச் சொன்னால், ஹாலிவுட் மட்டும் இப்படிச் செய்யவில்லை என்பது விளங்கும்.

இனித் தொழில்நுட்பம். இக்காலப் படங்களின் சட்டகம் 1.37க்கு 1. ஆறடி உயரப் படத்துக்கு எட்டேகால் அடி அகலம் போதும். ப்ரொஜெக்டரையோ டிவியையோ அகலத்திரைக்கு இழுத்துவிட்டால் முகங்கள் உப்பிப்போகும். ஆகவே 4:3 அமைப்பில் வைத்து, இரு பக்கமும் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். 'விவிட்' அமைப்பையும், அசைவை வழவழப்பாக்கும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்; கறுப்பு வெள்ளைப் படத்துக்கு இரண்டுமே எதிரி. வண்ணம் பூசிய பிரதியை ஒருபோதும் எடுக்காதீர்கள். 'காசாபிளாங்கா'வுக்கும் 1988இல் அப்படி ஒன்று செய்தார்கள். அந்த நிழல்களை அமைத்தவர்களுக்குச் செய்த அநியாயம் அது.

திறந்தவெளியில் துணித்திரை கட்டினால் காற்றில் பாய்போல் உப்பிவிடும். வடகடல் பக்கமாயினும் தென்கடல் பக்கமாயினும், அன்றைய காற்றுக்கு முதுகு காட்டிய சுவரைத் தேர்ந்து வெள்ளையடித்துக்கொள்வதே மேல். கச்சான் காற்று ஓங்கும் மாதங்களில் திறந்தவெளியை மறந்துவிட்டுக் கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், மாதாகோயில் வளாகம் என்று உள்ளே போய்விடுங்கள். மீன் ஏலக்கூடத்தில் தகரக் கூரையின் எதிரொலியால் வசனம் சிதறும். ஒற்றைத் தடத்தில் பதிவான ஒலி இது; பெரிய ஸ்பீக்கர் ஒன்றைத் திரைக்கு நேர் கீழே வைத்து, அடித்தொனியைக் குறைத்து, நடுத்தொனியைக் கூட்டினால் பேச்சு தெளிவாகக் கேட்கும். வயர் இல்லாத ஸ்பீக்கர் உதட்டசைவுக்குப் பின்தங்கும்; வயர் போட்டே இணையுங்கள். உப்புக்காற்றில் லென்ஸின் மேல் மெல்லிய படலம் படியும். திரையிடலுக்கு முன் மெத்தென்ற உலர்ந்த துணியால் துடைத்து, முடிந்தவுடன் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.

சப்டைட்டில் தமிழில் வேண்டுமானால் நீங்களே எழுத நேரும். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் கண் திரையின் அடியிலேயே தங்கிவிடும். இரண்டு வரிக்குள் கருத்தைச் சுருக்குங்கள். வெள்ளை எழுத்து, கறுப்பு விளிம்பு. கோப்பை யுடிஎஃப்-8 வடிவில் சேமிக்காவிட்டால் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாக வரும் என்பதால் முந்தின நாளே ஓட்டிப் பாருங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் அதிகம் இருந்தால், மௌனப்பட காலத்தில் கொட்டகைகளில் கதை சொல்ல ஆள் நின்றதுபோல, படத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒருவர் கதையின் முதல் பாதியை மட்டும் சொல்லிவிடலாம். படம் ஓடும்போது மேலே பேச வேண்டாம்.

இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியானதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். ஆனாலும் இசை, புதிதாகச் சேர்த்த சப்டைட்டில், நீங்கள் வாங்கும் டிஸ்க்கின் நிபந்தனைகள் ஆகியவை வேறு கணக்கு. கட்டணம் வாங்கித் திரையிட எண்ணினால் விவரமறிந்த வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் ஒலிபெருக்கி வைக்கக் காவல் நிலையத்தில் அனுமதி வேண்டும்; இரவு 10 மணிக்கு மேல் ஒலி கூடாது. 'மிசஸ் மினிவர்' 134 நிமிடம். ஐந்தில் அதுவே நீளமானது. ஏழேகாலுக்குத் தொடங்கினால் ஒன்பதரைக்கு முடிந்து, பேச அரை மணி நேரம் மிஞ்சும். பேசும்போது பெண்கள் அமர்ந்திருக்கும் பக்கத்திலிருந்து மைக்கைத் தொடங்குங்கள். ஆண்கள் பக்கம் முதலில் போனால் திரும்பி வருவதற்குள் பத்து மணியாகிவிடும்.

வாரம் ஒரு படம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து வாரம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால், இதற்கு அதைவிடத் தோதான காலம் கிடையாது. ஏப்ரல் கடைசி வாரத்தில் தொடங்குங்கள். மே மாதக் கடைசிக்குள் 'காசாபிளாங்கா'வை முடித்துவிடுங்கள். ஜூன் பிறந்துவிட்டால் படகுக்கு வர்ணம் பூசுவது, வலை பார்ப்பது, ஐஸுக்கும் டீசலுக்கும் அலைவது என்று ஆள் சேராது.